இனிப்பைக் குறைத்த வருடங்கள்

ஒரு சாயங்காலம் என் கணவர் வேலையிலிருந்து திரும்பி வீட்டுப் படியேறியபோது அவருடைய இடது காலில் செருப்பு இல்லை. வலது காலில் இருந்தது. எழுபதுகளின் பாதி கடந்திருந்த சமயம் அது. ஆம்பூரில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். எங்களுக்கு ஒரே மகள், அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு செருப்பு எங்கங்க?” என்று கேட்டேன்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “தெரியலியே. இருந்துச்சே,” என்றார்.

நானும் மகளும் அவர் வந்த வழியே திரும்பி நடந்தோம். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஜல்லி மேல் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அங்கிருந்து வீடு வரைக்கும் ஒற்றைக் காலில் செருப்பில்லாமல் நடந்து வந்திருக்கிறார். உள்ளங்காலில் ஒரு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. நான் துணியை நனைத்துத் துடைக்கும்போதுதான் அவருக்கு அந்தக் காயம் இருப்பதே தெரிந்தது.

அவர் தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிறவர். பதனிட்டு முடிந்த ஆட்டுத்தோலை மேசை மேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு முறை தடவுவார். ஓரத்தை விரல் நுனியில் மடக்கிப் பார்ப்பார். இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்து வைப்பார். அந்த ஆடு உயிரோடு இருந்தபோது வேலியில் உரசிய கீறல்கூட அவர் விரலுக்குத் தப்பாது என்று கம்பெனியில் சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்குக் காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியவில்லை என்பது எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாரமே வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சர்க்கரை வியாதி என்றார்கள். முப்பத்தெட்டு வயது. மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். பாதம் மரத்திருக்கிறது, புண் வந்தால் காலுக்கே ஆபத்து, பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றார். பிறகு, “சர்க்கரை, ஸ்வீட்டு எல்லாத்தையும் நிறுத்திடுங்க,” என்றார்.

“எல்லாத்தையுமா டாக்டர்?” என்று என் கணவர் கேட்டார். என் மகள் விளையாட்டை நிறுத்தச் சொன்னால் கேட்கிற அதே குரல்.

அவர் இனிப்புப் பைத்தியம். டீக்கு மூன்று ஸ்பூன் போடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது கையில் ஜாங்கிரிப் பொட்டலம் இருக்கும். கம்பெனி வேலையாக ஆற்காடு பக்கம் போனால் பாகு சொட்டச் சொட்ட மக்கன் பேடா வாங்கி வருவார். வழியிலேயே இரண்டு தீர்ந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு நான் கலகலா பொரித்துப் பாகில் புரட்டி டின்னில் போட்டு வைத்தால், மூடி திறக்கிற சத்தத்தை வைத்தே அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு வைராக்கியம் வந்தது. இவருக்குத் தின்ன இனிப்பு இருக்கும், உடம்புக்கும் கெடுதல் வராது, அதை நான் என் கையாலேயே செய்வேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒரு வாரப் பத்திரிகையில் வீட்டுக் குறிப்பு என்று போட்டிருந்தார்கள். பனைவெல்லம் குளிர்ச்சி, இரும்புச் சத்து உண்டு, சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று இருந்தது. அச்சில் வந்த எதையும் சந்தேகப்படாத வயது எனக்கு. குடியாத்தம் சந்தையிலிருந்து பனைவெல்லம் வரவழைத்தேன். வெள்ளைச் சர்க்கரை டப்பாவை வீட்டை விட்டே அனுப்பினேன். பொரிப்பதை நிறுத்தினேன். நெய்யை ஸ்பூனால் அளந்தேன். கோதுமை ரவையில் பனைவெல்லக் கேசரி, பாசிப்பருப்பு உருண்டை, ஆவியில் வேகவைத்த ராகிக் கொழுக்கட்டை என்று நாளுக்கு ஒன்றாகச் செய்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்பு முன்னால் நிற்பேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையை ஆட்டும்போது, ஒரு பெரிய பரீட்சையில் தேறியது மாதிரி இருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நான் பாபி என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர். செய்ததில் ஒரு கிண்ணம் அங்கேயும் போகும்.

“டீச்சரம்மா, இதுல நெய்யும் கம்மி, சர்க்கரையும் இல்ல. ஆனா வாய்க்கு ஜோரா இருக்கு,” என்றார் பாபி. அது போதாதா எனக்கு? புதன்கிழமை மத்தியானம் கூடுகிற எங்கள் கோயில் பெண்கள் சங்கத்தில் பதினைந்து பேருக்கு முன்னால் ஸ்டவ் வைத்துச் செய்தே காட்டினேன். சங்கத் தலைவியின் கணவருக்கும் சர்க்கரை உண்டு. அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

அந்த நாட்களில் சர்க்கரையை வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருந்தது. மருந்துக்கடையில் ஒரு நீல மருந்து கிடைக்கும். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. என் கணவர் தினமும் காலையில் பின்கட்டில் உட்கார்ந்து இதைச் செய்வார். நான் காபி போட்டுக்கொண்டே, “என்ன கலர்?” என்று கேட்பேன்.

“ஆரஞ்சு,” என்பார்.

மறுநாளும் ஆரஞ்சு. அடுத்த வாரமும் ஆரஞ்சுதான். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். வீட்டில் ஒரு துளி சர்க்கரை கிடையாது. அப்படியானால் வெளியில்தான் எங்கேயோ தின்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அதை நிறுத்த முடியவில்லை. சட்டையைத் துவைக்கப் போடும்போது பாக்கெட்டில் பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் அரை மணி தாமதமாக வந்தால் உதட்டைப் பார்த்தேன். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டு பக்கத்து மிட்டாய்க் கடைக்கே போய்விட்டேன்.

“எங்க வீட்டுக்காரர் இங்க வர்றாரா?” என்று கேட்டேன்.

“மூணு நாலு மாசமா இந்தப் பக்கமே காணோமே டீச்சர். இன்னா, உடம்பு சரியில்லையா?” என்றார் கடைக்காரர்.

நான் அவரையும் நம்பவில்லை. ஊரில் வேறு கடையா இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு வீட்டில் சண்டை. “நான் இங்க உசுர விட்டு செஞ்சுகிட்டு இருக்கேன், நீங்க வெளில தின்னுட்டு வந்து நிக்கறீங்க,” என்று கத்தினேன். அவர் எழுந்து நின்று, “நான் சாப்பிடலம்மா,” என்று மட்டும் சொன்னார். குற்றம் செய்தவர்தான் இப்படிச் சுருக்கமாகப் பேசுவார் என்று அதையும் அவருக்கு எதிராகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முறை வேலூர் போனபோது டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, எங்களைச் சாப்பாட்டு யோசனை சொல்கிற பெண்ணிடம் அனுப்பினார். சின்ன அறை. மேசை மேல் களிமண்ணில் செய்து வண்ணம் பூசிய இட்லி, சப்பாத்தி, ஒரு கிண்ணம் சோறு. அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டார் என்று சொல்லச் சொன்னாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். கேசரி என்றதும் நிமிர்ந்தாள்.

“கேசரியா?”

“சர்க்கரை போடல. பனைவெல்லம்,” என்றேன் பெருமையாக.

“தினமும் செய்வீங்களா?”

“தினமும் எதாவது ஒண்ணு. அவர் இனிப்பு இல்லாம இருக்க மாட்டார்.”

அவள் பேனாவை வைத்தாள். “அம்மா, சர்க்கரை, வெல்லம், பனைவெல்லம், தேன் எல்லாமே ரத்தத்துல போனா ஒண்ணுதான். பாக்கத்தான் வேற வேற.”

“இல்லம்மா, அதுல இரும்புச் சத்து…”

“இருக்கலாம். சர்க்கரையும் இருக்கே,” என்றாள். என்னைத் திட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம் நான் பேசுகிற அதே பொறுமையோடு பேசினாள். என்னால் தலை நிமிர முடியவில்லை. பக்கத்தில் என் கணவர் களிமண் இட்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டியதும் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

“மிட்டாய்க் கடைக்கே போய் உங்களப் பத்திக் கேட்டேன்.”

“தெரியும். கடைக்காரரு சொன்னாரு.”

“என்னை மன்னிச்சிடுங்க.”

“சரி வுடு,” என்றார். பிறகு, “எனக்கு முன்னாடியே சந்தேகந்தான்,” என்றார்.

“என்ன சந்தேகம்?”

“நீ திருப்பத்தூருக்கு டிரெயினிங் போனியே, நாலு நாளு. செஞ்சு வச்சிட்டுப் போனதுல எறும்பு ஏறிடுச்சு. தூக்கிக் கொட்டிட்டேன். பாபி வூட்லேர்ந்து சாப்பாடு வந்துச்சு, அதான் சாப்பிட்டேன். மூணாம் நாள் காலைல பாத்தா குழாய் பச்சையா இருக்குது. நீ வந்தப்புறம் மறுபடியும் ஆரஞ்சு.”

“அத ஏன் அப்பவே சொல்லல?”

“எப்படிச் சொல்றது? ஸ்கூல்லேர்ந்து வந்து பொடவைகூட மாத்தாம கிண்டிகினு நிப்ப. நான் வாயில வச்சதும் என் மூஞ்சியே பாப்ப. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது?”

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் வந்தது. அவரைச் சந்தேகப்பட்டுச் சண்டை போட்டபோதுகூட அவ்வளவு கோபம் வந்ததில்லை.

“என் மூஞ்சி வாடக் கூடாதுன்னு உங்க கால குடுத்துடுவீங்களா?” என்று கேட்டுவிட்டேன். சத்தமாகத்தான் கேட்டிருப்பேன். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாதனூரில் பஸ் நின்று ஆள் ஏறி இறங்கியது. கூட்டம் அடங்கிய பிறகு அவர், “இனிமே சொல்லிடறேன்,” என்றார்.

“நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லணும். உடம்புக்கு ஒத்துக்கலன்னா அன்னிக்கே சொல்லணும்.”

“சரி டீச்சர்,” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

நான் அந்தக் கேசரியை யாருக்காகக் கிண்டினேன் என்று அதற்குப் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். அவருக்காக என்றுதான் அப்போது நம்பினேன். அவர் தலையாட்டுவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கும் பழகிப்போயிருந்தது. அவருக்கு இனிப்பு எப்படியோ அப்படி எனக்கு அது. அந்தப் பழக்கத்தை விடுவதும் எனக்குச் சுலபமாக இல்லை.

பெண்கள் சங்கத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. அந்தப் புதன்கிழமை ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்றேன். யார் முகத்தையும் பார்க்காமல் பேசினேன். தினமும் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறவள் நான்.

“அன்னிக்கு நான் செஞ்சு காட்டினது தப்பு. பனைவெல்லம் சர்க்கரைக்காரங்களுக்கு ஆகாது. எங்க வீட்டுக்காரருக்கு நாலு மாசமா குடுத்து ஏத்தி வச்சிருக்கேன். நீங்க யாராவது குடுத்துகிட்டு இருந்தா இன்னிக்கே நிறுத்திடுங்க,” என்றேன்.

சங்கத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “ஆஸ்பத்திரிக்குப் போகாமலே இருந்துட்டோமே. நீ சொன்னேன்னு தைரியமா குடுத்தேனே,” என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய கணவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அந்த அம்மா என்னோடு பேசச் சில மாதம் பிடித்தது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை.

ஆஸ்பத்திரிப் பெண் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுத் தாளில் இனிப்புக்கும் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். வாரத்துக்கு இரண்டு நாள், சின்னக் கிண்ணம் ஒன்று, சர்க்கரையோ வெல்லமோ சேர்க்காமல், அதற்கு ஈடாக அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டு. அந்த இடத்துக்குள் என்ன செய்ய முடியும் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற சாக்கரின் மாத்திரை போட்டுப் பாயசம் காய்ச்சினேன். கொதித்ததும் கசந்துபோனது. பாபி ஒரு வாய் வைத்துவிட்டு, “டீச்சரம்மா, இது மிட்டாயா மருந்தா?” என்று கேட்டார். ஆடை எடுத்த பாலில் கேரட்டைத் துருவிப் போட்டு, சின்னத் தீயில் வற்றவிட்டு ஏலக்காய் தட்டிப் போட்டபோது, கேரட்டிலும் பாலிலும் ஏற்கனவே இருக்கிற இனிப்பு மெல்ல மேலே வந்தது. “இது நல்லா இருக்குது,” என்றார் கணவர். இப்போது அவர் சொன்னதை நம்ப முடிந்தது, ஏனென்றால் முந்தின வாரம் செய்த ராகி உருண்டையை, “இது வேணாம், தொண்டைல நிக்குது,” என்று தள்ளி வைத்திருந்தார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குச் சோமாசியைப் பொரிக்காமல் சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். வீட்டில் ஓவன் ஏது? எங்கள் தெருக்கோடியில் இருந்த பேக்கரிக்குத்தான் கேக் மாவைத் தட்டில் ஊற்றிக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்குவோம். பேக்கரிக்காரர் என் தட்டைப் பார்த்தார்.

“இன்னா டீச்சர் இது? சோமாசிய எண்ணெயில தானே போடுவாங்க?”

“எண்ணெய் இல்லாம வேணும்.”

“வீணாப் போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது,” என்றார். பன் எடுத்த பிறகு சூடு இறங்குகிற நேரத்தில் உள்ளே வைத்தார்.

முதல் தடவை கல்லாக வந்தது. என் கணவர் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார். விரல் நுனியால் ஓரத்தைத் தடவினார். “அப்பருக்கு ஆகாது. சோலுக்குப் போடலாம்,” என்றார். ஷூவின் மேல்பாகத்துக்கு மெல்லிய தோல், அடிப்பாகத்துக்குத் தடித்த தோல். என் சோமாசிக்கு அவர் கொடுத்த தரம் அது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. பழைய நாளாக இருந்தால் சாப்பிடாமல் படுத்திருப்பேன்.

இரண்டாவது தடவை மாவில் கொஞ்சம் தயிரும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேர்த்து மெல்லிசாகத் தேய்த்தேன். உள்ளே பொட்டுக்கடலை மாவு, வறுத்த எள், சிவக்க வறுத்த தேங்காய்த் துருவல், ஏலக்காய், சோமாசிக்கு இரண்டு உலர்ந்த திராட்சை. பாதி அளவில் சின்னதாக மடித்தேன். பேக்கரிக்காரர் தட்டை வெளியே இழுத்ததும் என்னைக் கேட்காமலே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். “பரவால்லியே,” என்றார். அதில் அவருக்குச் சங்கடம் கலந்த ஆச்சரியம்.

கிறிஸ்துமஸ் தட்டில் வழக்கமான கலகலாவையும் கேக்கையும் விருந்தாளிகளுக்காக வைத்து, ஓரத்தில் இதையும் நாலு வைத்து வீடு வீடாக அனுப்பினோம். பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் சங்கத் தலைவி பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்து நின்றார். “அந்த சோமாசில இன்னா போட்டே? எல்லாத்தையும் ஆஸ்பத்திரில கேட்டுட்டியா?” என்றார். கேட்டுவிட்டேன் என்றேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

அவருடைய காலை நாங்கள் முழுதாகக் காப்பாற்றவில்லை. எண்பதுகளின் நடுவில் இடது பாதத்தில் ஒரு புண் ஆறாமல் போய், சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அந்த முதல் நாலு மாதம் அதற்கு எவ்வளவு காரணம் என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். அப்படியெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாதம்மா என்றார். அந்தப் பதிலோடுதான் இருக்கிறேன். ஆனால் அவர் நடந்தார். வேலைக்குப் போனார். ஓய்வு பெறுகிற வரைக்கும் அவர் விரல்கள் தோலைப் பிரித்துக்கொண்டிருந்தன.

விரல் எடுத்த மறுவருஷம் பாபி வீட்டில் மகனுக்குக் கல்யாணம். பள்ளிவாசல் பக்கத்தில் பெரிய பந்தல். பிரியாணி, கத்திரிக்காய், தயிர் பச்சடி, கூடவே ரொட்டி அல்வா. நெய் மினுங்க, முந்திரி வைத்து, சூடாகப் பரிமாறினார்கள். பெண்கள் பக்கத்தில் என்னையும் மகளையும் பாபியே கையைப் பிடித்து உட்கார வைத்தார். அல்வாவை ஆசையாக எடுத்து வாயில் வைத்தேன். இரண்டாவது வாய்க்குக் கை போகவில்லை. தித்திப்பு தொண்டையைப் பிடித்தது. அல்வாவில் ஒரு குறையும் இல்லை. ஊரே அதைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என் நாக்குதான் எங்கேயோ மாறிப்போயிருந்தது. அவருக்காக வீட்டில் இனிப்பைக் குறைத்துக் குறைத்து வந்ததில் எனக்கும் அது குறைந்துவிட்டதை நான் கவனிக்கவே இல்லை. என் அம்மா செய்த பாகு கலகலா இனிமேல் எனக்குப் பழைய மாதிரி ருசிக்காது என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது.

பந்தலுக்கு வெளியே வந்தபோது அவர் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்.

“அல்வா வச்சாங்களா?” என்று கேட்டேன்.

“வச்சாங்க. ஒரு ஸ்பூன் எடுத்தேன். ஜாஸ்தியா இருந்துச்சு,” என்றார். சொல்லிவிட்டு, எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டார்.

எனக்கும் ஜாஸ்திதான் என்றேன். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவை வாங்கினேன்,” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் தோளில் கையை ஊன்றிக்கொண்டார். மத்தியான வெயிலில் நிழல் பார்த்துப் பார்த்து வீட்டை நோக்கி மூன்று பேரும் மெதுவாக நடந்தோம்.